குருட்டுக் கொக்கின் கால் நிறம்

செப்டம்பர் 5, 1966. திங்கள்

காலையிலிருந்து தூறல். குடைக்கம்பி ஒன்று வளைந்துவிட்டது, நிமிர்த்தினால் ஒடியும். பிரஸ்ஸில் தாமோதரனின் புத்தகம் வந்துசேர்ந்தது. பக்கப் புரூஃப், முன்னுரையோடு. (இனி தா. என்றே எழுதப்போகிறேன். முழுப் பெயருக்கு மை வீண்.)

பறவைக் கையேடு, ஆங்கிலத்தில். முதல் தொகுதி நீர்ப்பறவைகள். நானும் தா.வும் சென்னையில் ஒரே பெஞ்சில் விலங்கியல் படித்தவர்கள். அவன் இங்கே ஒரு கல்லூரியில் துறைத்தலைவன், டாக்டர் பட்டம். நான் பரேலில் அச்சகத்தில் புரூஃப் ரீடர். அவன் எழுதுகிறான், நான் எழுத்துப்பிழை பார்க்கிறேன். ஏற்பாடு நன்றாகத்தான் இருக்கிறது.

எத்தனை வருஷ ஞாயிற்றுக்கிழமைகள். மாஹிம் கழிமுகம், தாராவிப் பக்கத்துச் சேறு, மான்குர்த் உப்பளம். முன்னால் நான், பின்னால் அவன். அவனுக்குத் தூரப்பார்வை சரியில்லை. "என்னடா அது?" என்பான். சொல்வேன். எழுதிக்கொள்வான்.

முன்னுரையில் நன்றி பெறுவோர்: மியூசியம் காப்பாளர், கல்லூரி முதல்வர், மனைவி, டைப்பிஸ்ட், கார் டிரைவர். கடைசி வரி: "ஞாயிற்றுக்கிழமைகளில் உடன் வந்த நண்பர்களுக்கும்." அதுதான் நான். பன்மையில்.

அந்த வரியில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. போட்டேன். பெயர் விட்டுப்போனதைத் திருத்த எனக்கு அதிகாரமில்லை.

செப். 6, செவ்வாய்

மழை வலுத்தது. சயானில் தண்டவாளத்தில் தண்ணீர். ரயில் நின்ற இடத்தில் ஒருவன் பக்கத்து ஆளிடம்: "அரே, மதராஸி லோக் கோ பூச்சோ, யே லோக் ஆஃபீஸ் மே ராத் கோ ஹீ பஹுஞ்ச் ஜாதே ஹைம்." நாங்கள் முந்தின ராத்திரியே ஆபீஸுக்குப் போய்விடுகிறோமாம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம்.

புத்தகத்தின் வாசகம் சுமார். படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. இதை எழுத எனக்கு மனமில்லை, ஆனால் உண்மை.

பறவைப் புத்தகப் படங்களோடு எனக்குப் பழைய சண்டை. எல்லாப் பறவையும் இடது பக்கமே பார்க்கும். சோப்புப் போட்டுக் குளித்தது போலிருக்கும். பெண் பறவை எப்போதும் பின்னால், பாதி மறைந்து. உள்ளானும் நாரையும் ஒரே உயரம், பக்கத்தில் இடமில்லை என்பதற்காக. இதையெல்லாம் மன்னிக்கலாம். கால்களை மன்னிக்க முடியாது. சுட்ட பறவையைத் தோலுரித்துப் பஞ்சடைத்து மியூசியம் இழுப்பறையில் வைக்கிறார்கள். இறகின் நிறம் பெரும்பாலும் நிற்கும். கால், அலகு, கண் மூன்றும் போய்விடும், எல்லாம் பழுப்பு. ஓவியர் இழுப்பறையைப் பார்த்து வரைகிறார். அடுத்த புத்தகத்து ஓவியர் அவருடைய படத்தைப் பார்த்து வரைகிறார். இப்படியே ஒரு பறவை தலைமுறை தலைமுறையாக வேறு எவனுடைய காலிலோ நிற்கிறது.

ரூபி டீச்சர் அப்படி இல்லை. இந்தப் புத்தகத்தின் ஓவியர் அவர்தான். தாராவியில் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சர், வீடு செம்பூர், ஊர் நாசரேத் பக்கம். அவரும் இழுப்பறைப் பறவையைப் பார்த்துத்தான் வரைவார். ஆனால் கால், அலகு, கண் மூன்றையும் பென்சில் கோட்டோடு வெள்ளையாக விட்டுவிடுவார். உயிரோடு பார்த்த ஆள் நிறம் சொன்னால்தான் சாயம். அந்த ஆள் நான். புத்தகத்தில் நிற்கிற கால்கள் எல்லாம் என்னுடையவை. முன்னுரையில் அது இல்லை.

செப். 7, புதன்

வெயில் எட்டிப்பார்த்தது. கீழ்க்கடைவாய்ப் பல் வலி. கிராம்பு எண்ணெய்.

குருட்டுக் கொக்கின் பக்கம் படித்தேன். அது ஒன்றுதான் இந்தப் புத்தகத்தில் எனக்கு மெய்யாக வேண்டியது.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பறவை. குட்டை ஓரத்தில் மண்நிறத்தில் கழுத்தைச் சுருக்கி உட்கார்ந்திருக்கும். எழும்பினால்தான் வெள்ளைச் சிறகு. கால் மங்கிய பச்சை. பார்த்த படங்களிலெல்லாம் அப்படித்தான், சரியும்கூட, வருஷத்தில் பெரும்பகுதிக்கு. ஆனால் எங்கள் சமையலறைப் பால்கனிக்கு எதிரே தூங்குமூஞ்சி மரத்தில் ஜூனில் கூடு கட்டுகின்றன. முதுகு கருஞ்சிவப்பாகும். சில பறவைகளுக்குக் கால் சிவந்துவிடும். சில வாரம்தான். குஞ்சு பொரித்ததும் வடிந்துவிடும். பல வருஷம் கையில் காபியோடு பார்த்தது. நான் பார்த்த எந்தப் படத்திலும் சிவப்புக் கால் இல்லை.

ரூபி டீச்சருக்கு இதைச் சொன்னபோது நம்பவில்லை, பிறகு விடவில்லை. "என்ன சிவப்பு சார்? வத்தலா, பழமொளகாயா? சும்மா செவப்புன்னா எப்படி?" என் மனைவி சரோஜா உள்ளே போய்த் தன் பவழ மாலையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அதில் பழைய மணி ஒன்றின் நிறம். ரூபி டீச்சர் அங்கேயே உட்கார்ந்து தட்டில் சாயம் குழைத்துக் குழைத்து அதைப் பிடித்தார். போன ஜூலை. சரோஜா அன்றைக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தாள். நானும்.

செப். 9, வெள்ளி

ரேஷனில் அரிசி இல்லை, கோதுமைதான். சரோஜா வழியில் பார்த்த எல்லோரிடமும் இதைச் சொன்னாளாம்.

தா. பிரஸ்ஸுக்கு வந்தான். முதலாளியின் அறையில் அரைமணி. போகும்போது என் மேஜைப் பக்கம் கை ஆட்டினான். நான் தலையைக் குனிந்து ஒரு அரைப்புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வீட்டுப் படி ஏறுவதில்லை என்று தீர்மானித்து மாதங்கள் ஆகின்றன. போன வருஷம் அவன் வீட்டு டின்னரில் ஒரு வெள்ளைக்காரரிடம் என்னை அறிமுகப்படுத்தினான்: "மை ஃப்ரெண்ட், ஹீ ஹாஸ் எக்ஸலண்ட் ஐஸ்." நல்ல கண்ணாம். வேட்டை நாயைச் சொல்வதுபோல.

செப். 11, ஞாயிறு

காலை மேகமூட்டம், காற்றில்லை. பதினொரு மணி சுமாருக்கு ரூபி டீச்சர் வந்தார். கோயில் முடிந்து நேரே. வெள்ளைப் புடவை, சேறு படிந்த ஓரம்.

தகவல்: பிளாக்காரர் படங்களுக்கு அச்சுத் தகடு செய்து எடுத்த நிறப் புரூஃப் தா.விடம் போயிருக்கிறது. எல்லாம் சரி, குருட்டுக் கொக்கின் கால் தவிர.

"டாக்டருக்கு அந்தக் கால்ல ஒரு சந்தேகம் சார். எந்தப் புஸ்தகத்துலயும் செவப்பு இல்லையே, மஞ்சப் பச்சைதானேங்காவ. பிளாக்காரங்க மாத்தணும்னா இப்பவே சொல்லணும்லா. அதான் ஒங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவம்னு வந்தேன்."

சொல்ல வேண்டியது ஒரு வரி. சிவப்பு சரி, தொடாதீர்கள் என்று. வாயில் இருந்தது. அதற்கு முன்னால் முன்னுரை ஞாபகம் வந்தது. டைப்பிஸ்ட், டிரைவர், நண்பர்கள். சந்தேகமாம். எதிரே மரம் நிற்கிறது. ஒரு ஜூன் மாதம் என் வீட்டுக்கு வந்து பார்க்கத் துப்பில்லாதவனுக்குச் சந்தேகம்.

"டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவர் புத்தகம். அவர் சொன்னபடியே மாற்றிவிடுங்கள்" என்றேன்.

"அப்ப நாம பாத்தது?"

"நாம் பார்த்தது என்ன? நான்தானே பார்த்தேன். எல்லாப் பறவைக்கும் இருக்காது."

"சரி சார். நீங்க சொன்னா சரி." காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். சரோஜா அடுக்களையிலிருந்து: "ஏன்னா, அந்தக் கொக்குக்குச் செவப்புக் கால்தானே? நானே பாத்திருக்கேனே." உனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

செப். 12, திங்கள்

பல்வலி குறைவு. மனசு லேசாக இருக்கிறது. இதை ஒளிப்பானேன்.

தவறான படம், அட்டையில் அவன் பெயர். அடுத்த ஜூனில் மழை கொட்டும்போது எவனாவது ஒரு காலேஜ் பையன் தா.வின் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்று மேலே பார்ப்பான். சிவப்புக் கால். கீழே பார்ப்பான். மஞ்சள் கால். "டாக்டர் பார்க்கவே இல்லையா?" என்பான். அந்தப் பையனை இப்போதே எனக்குப் பிடித்திருக்கிறது.

செப். 14, புதன்

மழை. புரூஃப்: நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன். ஒன்பது பிழை. எல்லாம் தா.வுடையவை, கம்பாசிட்டருடையவை அல்ல.

குடைக்கம்பி ஒடிந்தது.

செப். 18, ஞாயிறு

விநாயக சதுர்த்தி. காலை ஆறிலிருந்து ஒலிபெருக்கி. சரோஜா கொழுக்கட்டைக்கு அரிசி மாவு எங்கிருந்து சம்பாதித்தாளோ, கேட்கவில்லை. தின்றேன்.

பால்கனியில் நின்றேன். மரத்தில் கூடுகள் காலி, சுள்ளிக் குவியல்கள். ஒரே ஒரு கொக்கு, பழைய மண்நிறத்துக்குத் திரும்பியது. கால் பச்சை. இனி அடுத்த மழைவரை எவனிடமும் எதையும் நிரூபிக்க முடியாது. காட்டுவதற்கு இருந்தது அந்தப் படம் ஒன்றுதான்.

ரூபி டீச்சர் படத்தின் மூலையில் கையெழுத்துப் போடுவார். பென்சிலில், சின்னதாக. இது இன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. கொழுக்கட்டை கையில் இருந்தது. என் கற்பனைக் காலேஜ் பையன் டாக்டர் பெயரைச் சொல்லமாட்டான். படத்தில் தப்பு என்றால் வரைந்தவரைத்தான் சொல்வான். நானும் அப்படித்தானே சொல்லி வந்திருக்கிறேன், இத்தனை வருஷமாக, செத்துப்போன ஓவியர்களை.

அடுத்த தொகுதி காட்டுப்பறவைகள். அதையும் ரூபி டீச்சரே வரைவதாகப் பேச்சு. இந்தத் தொகுதி எப்படிப் போகிறதென்று பார்த்துத்தான். பிளாக்காரரிடம் நாளைக்கே போகவேண்டும்.

செப். 19, திங்கள்

போகவில்லை. பிரஸ்ஸில் வேலை. பொய், வேலை இல்லை. கூச்சம்.

செப். 20, செவ்வாய்

போனேன். லால்பாகில் ஒரு மாடிப்படிக்கு அடியில் பிளாக் கடை. ஆசிட் நெடி, பல்லுக்குள் போய் நின்றது. கடைக்காரர் பாஸ்கல், கோவாக்காரர், கிழவர், ரப்பர் ஏப்ரன். குருட்டுக் கொக்கு பிளாக் என்றதும் எடுத்துவைத்தார். நாலு தகடு: மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு. சிவப்புத் தகட்டில் கால் இருந்த இடத்தை ஆசிட் தூரிகையால் அரித்து எடுத்தாகிவிட்டது. சனிக்கிழமையே. புள்ளிகள் கரைந்து வெறும் பளபளப்பு. அச்சடித்தால் அந்த இடத்தில் சிவப்பு ஒட்டாது. அடியில் இருக்கிற மஞ்சள் மட்டும் நிற்கும்.

திரும்பச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். நான் என்ன கேட்கிறேன் என்று எனக்கே தெரியும். ஆறு வருஷமாக இந்தத் தொழிலின் ஓரத்தில் இருக்கிறேன்.

"ஸாப்," என்றார், "தாம்பா ஹை. கப்டா நஹீம் கி ஃபிர் ஸே ரங் தியா." துணியாயிருந்தால் மறுபடி சாயம் தோய்க்கலாம்; இது செம்பு.

புதுத் தகடு?

"தாம்பா லாவ்." செம்பு கொண்டுவரச் சொல்லிக் கையை விரித்தார். ரூபாய் மதிப்பைக் குறைத்த பிறகு வெளிநாட்டுச் சாமான் எதுவும் கிடைப்பதில்லை. பிறகு இரக்கப்பட்டாரோ என்னவோ: "பாயி கா பேண்டிங் ஹை நா? அகலே டைம் உஸ் ஸே பனா தேங்கே." அந்த அம்மாவின் ஓவியம் இருக்கிறதே, அடுத்த தடவை அதிலிருந்து செய்துவிடலாம் என்றார். அது எனக்குத் தோன்றவில்லை. ஓவியம் இருக்கிறது! படி இறங்கும்போது கிட்டத்தட்ட ஓடினேன்.

செப். 21, புதன்

மழை விட்டுவிட்டு. சாயங்காலம் தா.வின் வீடு. படி ஏறினேன். தீர்மானம் அவ்வளவுதான்.

தா. பனியனோடு வந்தான். "வாடா சேது. வழி தெரிஞ்சுதா?"

உட்காரவில்லை. குருட்டுக் கொக்கின் கால் சிவப்புதான், நீ மாற்றச் சொன்னது தப்பு, தகடு போய்விட்டது என்றேன். ஒரே மூச்சில்.

"நான் மாத்தச் சொன்னேனா?" உள்ளே போய்ப் பழைய நிறப் புரூஃபை எடுத்துவந்து நீட்டினான். கொக்கின் காலைச் சுற்றிப் பென்சில் வட்டம், பக்கத்தில் அவன் கோழிக்கிறுக்கல்: மற்றப் புத்தகங்களில் மஞ்சள் பச்சை. சேதுவைக் கேட்கவும். அவன் சொல்வதே முடிவு.

"நேக்கு என்னடா தெரியும் கொக்கு கால்? நாலடிக்கு மேல நேக்கு எல்லாம் புகைதான். நோக்குத் தெரியாதா அது? ஒங்கிட்டக் கேக்கச் சொன்னேன். டாக்டர் சொன்னபடி மாத்துன்னு நீ சொன்னதா அவா வந்து சொன்னா. சரி, சேது சொன்னா சரின்னு விட்டுட்டேன்." பிறகு, "ஏன் அப்படிச் சொன்னே?"

முன்னுரை என்றேன்.

"முன்னுரையா?" நிஜமாகவே புரியாமல் பார்த்தான். அதுதான் தாங்கவில்லை. பிறகு புரிந்து, "அட அசடே, எல்லார் பேரையும் போட்டா அது டெலிபோன் டைரக்டரி ஆயிடும்டா. நீ என்ன வெளியாளா?" டிரைவர் பெயர் இருக்கிறதே என்று கேட்டேன். "டிரைவர் வெளியாள்தானே!" என்றான்.

இப்படி ஒருவனிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது? ஆனாலும் கோபம்தான். குறையவில்லை. அவன் வீட்டு மிக்சரைத் தின்றேன்.

முடிவு: தாள்கள் ஓடத் தொடங்கிவிட்டன, நிறுத்த முடியாது. ஒரு திருத்தச் சீட்டு வைக்கலாம். வாசகத்தை நான் எழுதவேண்டும். "ஓவியரின் கவனக்குறைவால்னு போடு, அதுதான் வழக்கம்" என்றான். கதவருகே வந்து: "அந்தம்மா யார் என்ன சொன்னாலும் மாத்திடுவாளோ? அடுத்த தொகுதிக்கு யோசிக்கணும்."

செப். 23, வெள்ளி

அரைநாள் லீவு. தாராவி போனேன், ரூபி டீச்சரின் பள்ளிக்கூடம். தோல் கிடங்குகளைத் தாண்டி. மழைத்தண்ணீரில் கல் போட்டிருந்தார்கள், அதன்மேல் கால் வைத்து. வராந்தாவில் பிள்ளைகள் மாம்பழம் வரைந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி மாம்பழத்துக்கு நீலம் அடித்திருந்தாள். "ஏட்டி, எந்த ஊர் மாம்பழம் இது?" என்று ரூபி டீச்சர் அவளைக் கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். சிரித்த முகத்தோடு வந்தார். "சார்! இந்தப் பக்கம் வந்தியளே!"

சொன்னேன். எல்லாம். டாக்டர் என்னைக் கேட்கச் சொல்லியிருந்தார், சிவப்புதான் சரி, நான் வேண்டுமென்றே வேறு சொன்னேன், அவர்மேல் இருந்த எரிச்சலில். ஓவியம் இருக்கிறதல்லவா, அடுத்த பதிப்புக்கு அதை வைத்து...

"ஓவியத்துலயும் மாத்திட்டேனே சார்."

புரியவில்லை.

"பிளாக்காரருக்கு மாதிரி வேணும்லா. ஈரப் பிரஷ்ஷால செவப்பைக் கழுவி எடுத்துட்டு மஞ்சப் பச்சை வச்சிக் குடுத்தேன். ஒரு சாயங்காலம் பூரா ஒக்காந்து." கையில் இருந்த சாக்பீஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அம்மா மாலையை வச்சிக் கலக்குன கலரு சார் அது. கழுவும்போது எனக்கு மனசே இல்ல. சார் சொன்னா காரணம் இருக்கும்னு கழுவுனேன்."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எழுதும்படி இல்லை.

"டாக்டர் மேல கோவம்னா டாக்டர்ட்டப் போயி சண்டை போடணும். எங்கையில குடுத்து அவரை அடிச்சா, அடி யாருக்கு விழும்? பேரு என் பேருல்லா கீழ கெடக்கு."

பிள்ளைகள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். "வரைங்கட்டி!" என்று அதட்டினார்.

திருத்தச் சீட்டு வைக்கப்போகிறோம் என்றேன். உங்கள் மேல் பழி வராமல் எழுதுகிறேன் என்றேன்.

"சீட்டு எத்தனை நாள் சார் புஸ்தகத்துல இருக்கும்? ரெண்டு தடவை வெரிச்சா கீழ விழுந்துரும். படம் கெடக்கும்லா, படம்." பிறகு, கோபம் போன குரலில், அதுதான் மோசம்: "காட்டுப்பறவை எனக்கே குடுத்தாவன்னா, காலு, கண்ணு எல்லாம் நானே போயிப் பாத்துக்கிடுதேன் சார். ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்."

மணி அடித்தது. பிள்ளைகள் எங்கள் இருவரையும் இடித்துக்கொண்டு ஓடினார்கள்.

செப். 24, சனி

ரயிலில் யாரோ என் காலை மிதித்தான். மன்னிப்புக் கேட்டான். பரவாயில்லை என்றேன்.

சரோஜாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "அந்தப் பொண்ணு எவ்ளோ நாழி ஒக்காந்து கலந்தா தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். கோதுமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், பொறுக்கினாள்.

செப். 26, திங்கள்

சீட்டின் வாசகம். நாலு தடவை எழுதி அடித்தேன். இவ்வளவு சின்ன விஷயத்தில் தப்பிக்க எத்தனை வழி! "தவிர்க்க இயலாத காரணங்களால்." "அச்சுக் கோளாறால்." "தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த குழப்பத்தால்." ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் எவ்வளவு அழகாக உட்காருகிறது.

கடைசியில் நின்றது, தமிழில் சாரம்: குருட்டுக் கொக்கின் இனப்பெருக்கக் காலப் படத்தில் கால்கள் பவழச் சிவப்பாக இருக்க வேண்டும். ஓவியர் சரியாகச் சிவப்பிலேயே தீட்டியிருந்தார். ஆர். சேதுராமன் தெரிந்தே தந்த தவறான தகவலால் பின்னர் மாற்றப்பட்டது.

தா.வுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். முடித்ததும்: "ஒனக்குப் பைத்தியமாடா? தெரிந்தேயா? ஒம் பேரு என் புஸ்தகத்துல முதல் தடவையா வர்றது, அதுவும் இப்படியா வரணும்? அந்த வார்த்தையை எடு. பேரையும் எடு. முன்னுரையில ஒம் பேரைச் சேத்துடறேன், போறுமா?"

முன்னுரை அச்சாகிவிட்டது என்றேன். உண்மைதான். வெள்ளிக்கிழமையே.

"அப்ப அடுத்த தொகுதி முன்னுரையில."

வேண்டாம் என்றேன். படத்துக்கு ரூபி டீச்சரைத் தவிர வேறு யாரையாவது போட்டால் அந்தத் தொகுதியின் ஒரு பக்கத்தைக்கூட நான் படிக்கமாட்டேன் என்றேன். என்னிடம் மிரட்ட இருந்தது அது ஒன்றுதான், அதுவும் சம்பளத்துக்குச் செய்கிற வேலை. "மிரட்டறயா?" என்றான். சிரித்துவிட்டான். குடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சீட்டு அப்படியே போகட்டும் என்றான்.

செப். 29, வியாழன்

சீட்டு கம்போஸ் ஆகி வந்தது. என் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது. திருத்தினேன். கம்பாசிட்டர் சவுந்தரம் படித்துவிட்டு, "ஸார், இது நீங்களா?" என்று கேட்டான். வேறு யாராவது என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. நான்தான் என்றேன்.

ரூபி டீச்சருக்கு ஒரு பிரதி தபாலில் அனுப்பினேன். கூட ஒன்றும் எழுதவில்லை.

அக்டோபர் 3, திங்கள்

வெயில், மழை போய்விட்டது போல. பல்லைப் பிடுங்கியாகிவிட்டது.

பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. இல்லை, எதிர்பார்த்தேன்.

தா. பிரஸ்ஸுக்கு வந்தபோது என் மேஜையருகே நின்றான். "அந்தம்மா நேத்து மான்குர்த்துக்குப் போயிருந்தா. உப்பளத்துல சேறு முழங்கால் மட்டும், எட்டு மணியிலேருந்து நின்னுண்டிருந்தாளாம். எங்கிட்ட பைனாகுலர் கேட்டு வாங்கிண்டு போனா." எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்க வந்தது. கேட்கவில்லை. நெடுங்கால் உள்ளான் வந்துவிட்டதா என்று கேட்டேன். "எனக்கு எப்படித் தெரியும், அவளைக் கேளு" என்றான்.

அக். 6, வியாழன்

பைண்டிங்கில் புத்தகங்கள் அடுக்கடுக்காக. சீட்டை உள்ளே சும்மா செருகுவதுதான் வழக்கம். பைண்டிங் ஃபோர்மன் ஷிண்டேயிடம், படத்துக்கு அடியில் ஒட்டமுடியுமா என்று கேட்டேன். "இத்னா டைம் கிஸ்கே பாஸ் ஹை, ஸாப்?" நேரம் என்னிடம் இருக்கிறது என்றேன். ஆபீஸ் முடிந்து மேல்சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தேன். மைதாப் பசை, எலும்புக் கத்தி. ஒரு ஓரத்தில் மட்டும் மெல்லிசாகத் தடவி, படத்தை மறைக்காமல், அடியில். முதல் சில கோணல். பிறகு கை வந்துவிட்டது. பைண்டர்கள் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். கொஞ்சநேரத்தில் ஒருவன் பேசாமல் எனக்குப் பக்கத்தில் புத்தகங்களைத் திறந்து திறந்து வைக்கத் தொடங்கினான்.

ஒவ்வொரு தடவையும் அதே பக்கம். கருஞ்சிவப்பு முதுகு, கழுத்தோரச் சிறகுகள், கண்ணில் ஒரு துளி வெளிச்சம். அவர் எவ்வளவு நன்றாக வரைகிறார். கீழே சீட்டு, நேராக. நடுவில் மஞ்சள் கால்கள்.